செம்மண்ணிலிருந்து மேற்கே

ஆண்டிமடத்தில் கல் பொறுக்க வந்திருக்கிறோம் என்று சொன்னால் ஊர்க்காரர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். "இங்க ஏதுங்க கல்லு? வீட்டுக்குக் கடக்கால் போடவே ஜல்லி வெளியூருலேருந்து வருது" என்றார் எங்களுக்குத் தங்க இடம் கொடுத்த முந்திரித் தோப்புக்காரப் பெரியவர். அவர் சொன்னது முற்றிலும் சரி. கண்ணுக்கெட்டிய தூரம் செம்மண். அதில் முந்திரி, ஊடே பலா, எங்காவது ஒரு சோளக்கொல்லை. தோண்டினால் செம்பராங்கல் வரும், அதற்குக் கீழே மணலும் களியும் மாறி மாறி வரும். கிணறு வெட்டியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் கையில் எடுத்துப் பார்க்கும்படியான சிப்பியோ நத்தையோ இந்த ஊரில் கிடைக்காது.

அப்படியானால் ஏன் இங்கே கூடாரம் அடித்தோம்? அண்ணன் மகளின் கோடை விடுமுறைக்கு அவள் கேட்டது ஒன்றுதான். வெளிநாட்டுப் புத்தகங்களில் வரும் பிள்ளைகள்போல் சுத்தியலும் பையுமாகக் காட்டில் தங்கி ஃபாசில் தேட வேண்டும். அரியலூர் மாவட்டமும் பெரம்பலூர் மாவட்டமும் இந்தியாவிலேயே அதற்குப் பேர்போன நிலம். பெரும்பாலானோர் திருச்சிப் பக்கமிருந்து கிழக்கு நோக்கி வருவார்கள். நான் வேண்டுமென்றே கிழக்குக் கோடியில் தொடங்கினேன். ஆண்டிமடத்திலிருந்து மேற்கே நகர நகர, காலடியில் இருக்கும் பாறைக்கு வயது கூடிக்கொண்டே போகும். நாட்டு ஓட்டுக் கூரையில் ஒவ்வொரு வரிசையின் விளிம்பு மட்டும் வெளியே தெரிவதுபோல், இங்கே பாறைப் படலங்கள் கிழக்கே சரிந்து ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. இளைய படலம் கிழக்கே, மூத்தது மேற்கே. ஐம்பது, அறுபது கிலோமீட்டருக்குள் பத்துக் கோடி ஆண்டைக் கடந்துவிடலாம். இப்படி வசதியாக அடுக்கிவைத்த நிலம் தமிழ்நாட்டில் வேறெங்கும் இல்லை.

முந்திரிக்காட்டில் கோடையில் தங்குவது இந்தப் பக்கத்தில் புதிய விஷயமே அல்ல. மாசி, பங்குனியில் தொடங்கி வைகாசி வரைக்கும் கொட்டை பொறுக்கும் காலம். தோப்புக் காவலுக்குக் கொட்டகை போட்டுக் கயிற்றுக் கட்டிலோடு குடியேறிவிடுவார்கள். விடியற்காலையில் பெண்கள் குனிந்தபடியே மரத்துக்கு மரம் நகர்வார்கள். கீழே விழுந்த பழத்தை ஒரு கை எடுக்கும், மறு கை கொட்டையைத் திருகும், கொட்டை கூடைக்குப் போகும், பழம் அப்படியே மண்ணில் விழும். பழச்சாறு துணியில் பட்டால் எந்தச் சோப்புக்கும் போகாத கறை. வெயில் ஏறினால் அழுகிய பழத்தின் புளித்த வாடை தோப்பு முழுக்க நிற்கும். அதற்கு மூக்கு பழக ஒரு ராத்திரி ஆகும். எங்கள் நைலான் கூடாரத்தைப் பெரியவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "காத்து எப்படி வரும் பாப்பா?" என்று மட்டும் கேட்டார். கேள்வி நியாயமானது. சித்திரை வெயிலில் அதற்குள் யாரும் தூங்கவில்லை. சாமான்கள் தூங்கின, நாங்கள் கொட்டகையில் தூங்கினோம்.

இந்தச் செம்மண்ணுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. புவியியல்காரர்கள் இதைக் கடலூர் மணற்கல் என்பார்கள். புதுச்சேரிச் செம்மண் மேட்டிலிருந்து பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் வழியாக ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் வரைக்கும் ஒரே படலம். இதே படலத்தில்தான் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கல்மரங்கள் கிடக்கின்றன. பிரெஞ்சுக்காரர் சொன்னரா 1781-லேயே அவற்றைப் பற்றி எழுதிவிட்டார். வயது 2 கோடி ஆண்டு என்று கணக்கு. படலத்தின் அடியில், ஆழத்தில், பழுப்பு நிலக்கரி. நெய்வேலியில் அதை வெட்டியெடுக்கிறார்கள். ஜெயங்கொண்டம் பக்கத்திலும் 1990-களில் நிலக்கரித் திட்டம் என்று சொல்லிக் கிராமம் கிராமமாக நிலத்தைக் கையகப்படுத்தினார்கள். சுரங்கம் வரவில்லை. நிலம் போனதாகக் காகிதம், முந்திரி காய்ப்பது மட்டும் நிற்கவில்லை. ஒரு தலைமுறையே வழக்கிலும் காத்திருப்பிலும் கழிந்தது. மண்ணுக்குக் கீழே இருக்கும் பழைய காடு ஒன்று, மேலே இருக்கும் மனிதர்களின் தூக்கத்தைக் கெடுத்த கதை இது. பெரியவரும் அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

கங்கைகொண்ட சோழபுரம் கூப்பிடு தூரம். ஃபாசில் பயணத்தில் கோயிலுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். ஆனால் பெரியவர் முதல் நாள் சொன்ன ஜல்லிக் கதையின் பெரிய உருவம் அங்கேதான் நிற்கிறது. ராஜேந்திர சோழன் தலைநகரமாகத் தேர்ந்தெடுத்த இடத்தைச் சுற்றிச் செம்மண்ணும் வண்டலும்தான். விமானம் எழுப்ப மேற்கேயிருந்து பாறை வந்தாக வேண்டும். விமானத்தின் சுவரில் கை வைத்துக்கொண்டு, இது நாம் கடைசியாகப் போய்ச் சேரப்போகும் பாறை வகை என்று அண்ணன் மகளிடம் சொன்னேன். அவளுக்குச் சிங்கக் கிணற்றுக்குள் இறங்குவதில்தான் அவசரம்.

செந்துறைப் பக்கம் திரும்பியதும் மண்ணின் நிறம் மாறுகிறது. சிவப்பு வெளுத்து, மஞ்சளாகி, சில வயல்களில் கருமையாகிறது. வரப்பில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள் தலைகாட்டுகின்றன. பருத்தி, மக்காச்சோளம் போட்டிருக்கிறார்கள். நின்னியூர் என்ற சின்ன ஊர் இங்கே இருக்கிறது. உலகத்துப் புவியியல் புத்தகங்களில் அந்த ஊர்ப் பெயர் உண்டு. பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை, நமக்கும் யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் உலகத்தில் டைனோசரும் அம்மோனைட்டும் இன்னும் எத்தனையோ உயிர்களும் ஒட்டுமொத்தமாக அழிந்தன அல்லவா? அந்த அழிவுக்குப் பிந்தைய கடலில் படிந்த சுண்ணாம்புக்கல் நின்னியூர்ப் படலம். அழிவுக்கு முந்தையது, சற்று மேற்கே கல்லமேட்டில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சில மைல் தூரம்தான். நின்னியூர்ச் சுண்ணாம்பில் நாட்டிலஸ் என்னும் சுருள் ஓட்டு உயிரியின் எச்சம் கிடைக்கும், அதன் ஒன்றுவிட்ட உறவான அம்மோனைட் கிடைக்காது. கிழக்கேயிருந்து வருகிறவனுக்கு அம்மோனைட் இல்லாத உலகத்திலிருந்து அம்மோனைட் உள்ள உலகத்துக்குள் நுழைவதுபோன்ற ஒரு கிளர்ச்சி உண்டு. வெளியே பார்த்தால் அதே வேலிக்கருவை, அதே ஆட்டுமந்தை.

செந்துறை என்றதும் பலருக்கு 2009 நினைவுக்கு வரும். சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தப் பகுதி ஓடையில் டைனோசர் முட்டைக் குவியல்களைக் கண்டதாக அறிவித்தார்கள், செய்தி உலகமெல்லாம் சுற்றியது. அதற்குப் பிறகு இந்த இரண்டு மாவட்டத்திலும் உருண்டையாக எது கிடைத்தாலும் டைனோசர் முட்டைதான். 2020-இல் குன்னத்தில் குளம் தூர்வாரியபோது பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வந்தன. ஊரே திரண்டது, தொலைக்காட்சி வந்தது. வல்லுநர்கள் வந்து பார்த்து, இவை முட்டையல்ல, அம்மோனைட் போன்ற கடல் உயிரியைச் சுற்றிச் சேறு இறுகி உருண்டையான கல் என்று சொன்னதும் கூட்டம் கலைந்துவிட்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. குன்னத்துக் குளத்துக்குள் கடல் இருந்தது என்பது முட்டையைவிடச் சின்னச் செய்தியா?

கல்லமேட்டில் கதை வேறு. அங்கே ஓடைக்கரையில் செந்நீலம் கலந்த களியும் மணலும் அடுக்கடுக்காக வெட்டுண்டு நிற்கின்றன. கடல் பின்வாங்கி ஆறுகள் உலவிய காலத்துப் படிவு. புவியியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு 1860 வாக்கிலேயே இந்தப் பக்கம் பெரிய எலும்புகளைப் பார்த்துக் குறித்துவைத்தார். பிறகு மாட்லி என்ற ஆய்வாளர் வந்தார், 1929-இல் திருச்சி மாவட்டத்து டைனோசர்களைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அதற்கெல்லாம் பிறகு, 1980-களில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் இங்கே கிடைத்த எலும்புகளுக்கு ப்ருஹத்காயோசாரஸ் மாட்லியி என்று பெயர் வைத்தார்கள். பெருத்த உடல் என்று வடமொழி, மாட்லிக்கு மரியாதை. கணுக்காலுக்கு மேலே உள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர். அளவு சரியென்றால் தரையில் நடந்த விலங்குகளிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று அரியலூர்க்காரர்.

ஆனால் அந்த எலும்பு இன்று இல்லை. களிமண்ணில் ஊறி நொறுங்கும் தன்மையோடு இருந்தவை. எடுத்த பிறகு பொடிந்துபோயின. கோட்டோவியங்களும் ஒரு சில புகைப்படங்களும்தான் மிச்சம். எலும்பே இல்லாமல் எப்படி நம்புவது என்று ஒரு கட்சி, கல்லாய்ப் போன மரத்தை எலும்பு என்று நினைத்துவிட்டார்களோ என்று ஒரு கட்சி, பழைய புகைப்படங்களைத் தேடியெடுத்து எலும்புதான் என்று வாதாடுகிற கட்சி ஒன்று. 2022-இல்கூட அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வந்தது. அவள் வெகுநேரம் ஓடை விளிம்பில் குந்தியிருந்தாள். "இன்னும் உள்ள இருக்குமா சித்தப்பா?" இருக்கலாம். இங்கிருந்தே 2013-இல் ட்ரூடான்டிட் என்னும் சின்ன ஊனுண்ணி டைனோசரின் ஒரே ஒரு பல் கிடைத்ததாக அறிவித்தார்கள். மண்ணைச் சலித்துச் சலித்து எடுத்த, அரிசிமணிபோன்ற பல். இரண்டு மீட்டர் எலும்பு போய்விட்டது, சல்லடையில் விழுந்த பல் நின்றுவிட்டது.

ஒட்டக்கோவில் தாண்டி அரியலூரை நெருங்கும்போது காற்றில் வெள்ளைத் தூசி. சாலையில் லாரிகளுக்கு முடிவே இல்லை. அரியலூரைச் சிமென்ட் நகரம் என்றே சொல்கிறார்கள். ராம்கோ, டால்மியா, அல்ட்ராடெக், செட்டிநாடு, அரசின் டான்செம் என்று ஆலைகள் சுற்றி நிற்கின்றன. எல்லோரும் வந்தது கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லுக்காகவும் அதன் உறவுப் படலங்களுக்காகவும். சாலையோரத் தேநீர்க் கடையில் நிறுத்தியிருந்த லாரியிலிருந்து சரிந்து விழுந்த ஒரு துண்டை அவள் எடுத்துவந்தாள். கையகலம். அதில் கல் என்று தனியாக எதுவுமே இல்லை. தடித்த, வளைந்த சிப்பி; அதன்மேல் இன்னொன்று கவிழ்ந்திருக்கிறது; இடுக்கில் வலைப்பின்னல்போல நுண்துளைப் பூச்சிகளின் கூடு; மிச்ச இடத்தில் நொறுங்கிய ஓடு. 7 கோடி ஆண்டுக்கு முந்தைய ஆழமில்லாத கடலின் தரை. "எல்லாக் கல்லும் இப்படித்தாம்மா இருக்கும். நாங்க இதத்தான் அள்ளிப் போடுறோம்" என்றார் ஓட்டுநர், டீயை ஆற்றிக்கொண்டே. அவர் சொல்லும்வரை எனக்கும் அது இவ்வளவு அப்பட்டமாக உறைக்கவில்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் ஃபாசில் இருக்கிறது என்று சொல்வது தப்பு, சுண்ணாம்புக்கல்லே ஃபாசில்தான். திருச்சியிலும் சென்னையிலும் கட்டிய எத்தனை வீட்டுச் சுவரில் அரியலூர்ச் சிப்பி இருக்கிறது!

சுரங்கத்தைத் திட்டிவிட்டுப் போவது எழுதுகிறவனுக்குச் சுலபம். குவாரி வெட்டாமல் இருந்திருந்தால் இத்தனை அடுக்கை யாரும் பார்த்திருக்க முடியாது என்பதும் உண்மை. டால்மியாபுரத்துக் குவாரிகள் இல்லையென்றால் அங்கே பவளப்பாறைக் கடல் இருந்ததே முழுதாகத் தெரிந்திருக்காது. அந்த ஊர்தான் கல்லக்குடி. 1953-இல் பெயர்ப் பலகைக்காகத் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்த போராட்டத்தைத் தமிழ்நாடே அறியும், பலகைக்குக் கீழே இருந்த பவளத்தை யாரும் பாடவில்லை. வெட்டும் இயந்திரம் காலையில் திறந்து காட்டியதைச் சாயங்காலத்துக்குள் கிரஷர் விழுங்கிவிடுகிறது. நடுவே யாராவது வந்து பார்க்கிற வழக்கத்தை மட்டும் நாம் ஏற்படுத்திக்கொள்ளவில்லை.

கல்லங்குறிச்சியில் சுரங்கத்துக்கு அருகிலேயே கலியுக வரதராசப் பெருமாள். மூலவர் சிலையல்ல, உயர்ந்த ஒரு கல் கம்பம். காணாமல் போன சினைப்பசு அந்தக் கம்பத்தருகே கிடைத்தது என்று தலவரலாறு சொல்கிறது. சுற்றுவட்டாரக் குடியானவர்கள் விளைந்த தானியத்தில் ஒரு பங்கைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். ராமநவமியை ஒட்டிய திருவிழாவில் கம்பும் சோளமும் நெல்லும் குவியும். கல்லை வணங்குகிற ஊரில் நின்றதும் சாளக்கிராமம் நினைவுக்கு வராமல் போகாது. நேபாளத்துக் கண்டகி ஆற்றில் எடுத்து, நம் வைணவ வீடுகளில் துளசியோடு பூசைப்பெட்டியில் இருக்கும் அந்தக் கருங்கல், உள்ளே சக்கரம் பதிந்த அம்மோனைட்தான். கடலின் உயிர் இமயமலை உயரம் ஏறி, ஆற்றில் உருண்டு, திருவரங்கத்து வீட்டுக்கு வந்து சேர்கிறது. அதே குலத்தைச் சேர்ந்தவை இங்கே வரப்பில் கிடக்கின்றன, அவற்றுக்குத் துளசி கிடைக்கவில்லை.

அவற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் வேறு ஆட்கள். 1840-களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேய அதிகாரிகள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கங்களில் பொறுக்கியதை லண்டனுக்கு அனுப்பினார்கள்; எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் விவரித்து எழுதினார். அடுத்து ஹென்றி பிளான்ஃபோர்டு. மாட்டுவண்டியும் கூடாரமுமாக இந்த வெயிலில் அலைந்து அவர் போட்ட பாறை வரைபடம் 1862-இல் வெளிவந்தது. ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று மூன்று படலத் தொகுதிகளைப் பிரித்தவர் அவர்தான், அடிப்படை இன்றைக்கும் அதுவே. பின்னாளில் 1875-இல் இந்திய வானிலைத் துறை தொடங்கியபோது அதன் முதல் தலைவரானார். பழைய கடலைப் படித்தவர் வரப்போகும் மழையைச் சொல்லப் போனார். அவர் திரட்டிய சிப்பிகளும் அம்மோனைட்டுகளும் கல்கத்தாவுக்குப் போயின. அங்கே இருந்த மொராவியா நாட்டு இளைஞர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா அவற்றை ஒவ்வொன்றாக வரைந்து, அளந்து, தென்னிந்தியக் கடல் உயிர்களைப் பற்றிய பெருந்தொகுதிகளாக எழுதி முடித்தார். ஒட்டக்கோவில் பெயரில் ஒரு அம்மோனைட் உண்டு, வைத்தவர் அவர். 1874-இல் யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்தார், வயது 36. கல்லறை லேயில் இருக்கிறது. அவர் பெயரிலும் ஒரு அம்மோனைட் பேரினம் இருக்கிறது: ஸ்டோலிச்கயா.

அரியலூரிலிருந்து தெற்கே வாரணவாசியில் அரசின் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. முதலில் இங்கே வந்து கண்ணைப் பழக்கிக்கொண்டு பிறகு வெளியே தேடப் போவது நல்லது. அம்மோனைட் சுருளின் மேற்பரப்பில் இலை நரம்பு ஓடியதுபோல் கோடுகள் ஓடும். அறைக்கு அறை வைத்த சுவரின் விளிம்பு அது. கண்ணாடிக்குள் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டால் வெளியே சேற்றில் ஒரு விரற்கடைத் துண்டு கிடந்தாலும் கண் பிடித்துவிடும்.

மேற்கே போகும் வழியில் மருதையாறு. கோடையில் அகலமான மணல்தான், தண்ணீர் இல்லை. 1956 நவம்பர் 23 விடியற்காலையில் வெள்ளத்தில் பாலத்தோடு ரயில் இந்த ஆற்றுக்குள் போனது. பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டார். இன்னமும் அரியலூர் என்றால் வயதானவர்களுக்கு முதலில் ரயில்தான். இதே ஆறும் இதில் விழும் ஓடைகளும் ஒவ்வொரு மழைக்கும் கரையைக் கொஞ்சம் அறுத்து உள்ளிருப்பதை வெளியே தள்ளுகின்றன. ஃபாசில் தேடுகிறவனுக்குக் கூலி வாங்காத ஆள் ஓடைதான்.

சாத்தனூர் கல்மரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பள்ளிச் சுற்றுலாவில் பாதித் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. கம்பிவேலிக்குள் 18 மீட்டருக்கு மேல் நீளமாக, துண்டு துண்டாக, ஆனால் ஒரே கோட்டில் படுத்திருக்கிறது. தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். 1940-இல் இதை அறிவித்தவர் எம்.எஸ். கிருஷ்ணன், தஞ்சை மாவட்டத்துக்காரர், பின்னால் புவியியல் ஆய்வுத் துறைக்கு முதல் இந்திய இயக்குநரானவர். சுற்றுலாப் பயணிகள் மரத்தைப் படம் எடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது மரத்துக்கு அடியில் இருக்கும் மண்ணை. அது கடல் மண். மரம் முளைத்த இடம் இதுவல்ல. எங்கோ மேற்குக் கரையில் வெள்ளத்தில் சாய்ந்து, ஆற்றோடு மிதந்து, கடலுக்குள் வந்து மூழ்கிய ஊசியிலை மரம். இன்றைக்கும் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் மரங்கள் அப்படித்தான் போகின்றன.

பக்கத்தில் கருடமங்கலம். இங்குள்ள சிப்பிக்கல்லை மெருகேற்றினால் கறுப்பும் சாம்பலும் கலந்த தரையில் வெள்ளை வெள்ளையாக நத்தைகள் பளபளக்கும். ஆங்கிலேயர் காலத்தில் மேசைப் பலகையும் பேப்பர் வெயிட்டும் செய்து வாங்கிப்போனார்கள். ஊருக்குள் அதை நான் கண்டது ஒரு வீட்டில் துணி துவைக்கும் கல்லாக. எந்த மெருகும் தேவைப்படவில்லை, சோப்புத் தண்ணீரே அதைச் செய்திருந்தது.

காரைக்குப் போக அதிகாலையைத் தேர்ந்தெடுங்கள். கொளக்காநத்தம் தாண்டியதும் பசுமை சட்டென்று அறுந்து, சாம்பலும் பழுப்பும் இளம்பச்சையுமான களிமண் மேடுகள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. மழை அறுத்த வாய்க்கால்கள், அவற்றில் கிளை வாய்க்கால்கள். மேட்டுக்கு மேடு ஜிப்சம் கீற்றுகள் கண்ணாடித் துண்டாக மின்னுகின்றன. ஏழரை மணிக்கே வெயில் மேலிருந்தும் கீழிருந்தும் அடிக்கிறது. மரம் இல்லை, நிழல் இல்லை. இது பத்துக் கோடி ஆண்டுக்கு முந்தைய கடலின் ஆழமான சேறு. இந்தியா அண்டார்க்டிகாவை விட்டுப் பிரிந்து நகர்ந்தபோது திறந்த கடல் இந்தக் கரைக்கு வந்து முட்டியது. சுறா திரிந்தது, இக்தியோசார் என்னும் மீன்பல்லி திரிந்தது. லிடெக்கர் என்ற ஆய்வாளர் 1879-இல் பெயர் வைத்த மீன்பல்லியின் முதுகெலும்பு இந்த ஊட்டத்தூர்ப் படலத்தில் வந்ததுதான். ஊட்டத்தூர் என்றால் நமக்குச் சுத்தரத்தினேஸ்வரர் கோயில். உலகத்துப் புவியியலாளர்களுக்கு ஒரு கடல்.

அங்கே ஆடு மேய்த்த அம்மாவிடம் தண்ணீர் கேட்டோம். எதைத் தேடுகிறோம் என்று அவர் கேட்கவில்லை, தெரிந்திருந்தது. "மழை பேஞ்ச மறுநாள் வரணும் தம்பி. இப்ப வந்தா மண்ணுதான். புள்ள பாவம், கறுத்துப் போச்சு" என்றார். சொல்லிவிட்டு, குச்சியால் தரையைக் கிளறி, "இந்தா, இது" என்றார்.

பெலம்னைட். கணவாயின் பழைய உறவின் உள்ளெலும்பு. சுண்டுவிரல் தடிமன், ஒரு முனை கூர்மை, மறுமுனை உடைந்திருந்தது. தேன் நிறம், வெயிலில் தூக்கிப் பிடித்தால் ஓரம் ஒளி விட்டது. உடைந்த முகத்தில் நடுப்புள்ளியிலிருந்து சுற்றிலும் நூல் நூலாகக் கோடுகள், அவற்றைக் குறுக்கே வெட்டி வளையம் வளையமாக வளர்ச்சிக் கோடுகள். அவள் அதைக் கைக்குள் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். என்ன கேட்கப் போகிறாள் என்று தெரிந்தது.

எடுக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. தேநீர்க் கடையில் லாரியிலிருந்து விழுந்து அவள் எடுத்துவந்ததைப் பையில் போட்டது நான்தான். இங்கே ஏன் வேறு நியாயம்? கிரஷருக்குப் போகிற கல் எப்படியும் அழியப்போகிறது. அதைக் காப்பாற்றினால் லாபம். காரைச் சேற்றில் கிடக்கும் பெலம்னைட் எந்த மேட்டில், எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடக்கிறது என்பதில்தான் அதன் சேதி முழுக்க இருக்கிறது. வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டால் அது அழகான ஒரு கல், அவ்வளவுதான். வாரக்கடைசிதோறும் வண்டி வண்டியாக வருகிறவர்கள் பை பையாக அள்ளிப்போனதில் பல மேடுகள் மொட்டையாகிவிட்டன. அவள் ஒத்துக்கொண்டாள் என்று சொல்ல மாட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுத்து, இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைக் குறிப்பேட்டில் எழுதி, எடுத்த இடத்திலேயே வைத்தாள். ஆட்டுக்கார அம்மா இதையெல்லாம் வேடிக்கை பார்த்துவிட்டு, "இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?" என்றார்.

காரைக்கு மேற்கே சீக்கிரமே கடல் முடிந்துவிடுகிறது. களிமண் மெலிந்து, அடியிலிருந்து கெட்டிப் பாறை முதுகு காட்டுகிறது. 200 கோடி ஆண்டுக்கும் மூத்த பாறை. அதற்குள் எந்தச் சிப்பியும் இல்லை, தேடவும் வேண்டாம். பத்துக் கோடி ஆண்டுக்கு முன் அலை வந்து மோதிய கரை இதுதான். கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் இந்தச் சாதி.

கோடையில் பிள்ளைகளோடு இப்படி ஒரு பயணம் திட்டமிடுகிறவர்களுக்குச் சில வார்த்தை. சித்திரையில் ஒரு கோடைமழை பெய்த பிறகு கிளம்புங்கள். பத்து மணிக்குள் வெளி வேலையை முடித்துவிடுங்கள். கூடாரத்துக்குப் பதில் தோப்பில் கொட்டகை கேளுங்கள். சுத்தியலை வீட்டில் வைத்துவிட்டுப் பூதக்கண்ணாடி, குறிப்பேடு, நாணயம் எடுத்துவாருங்கள். சுரங்கத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். அனுமதி கேட்டால் சில இடங்களில் கிடைக்கும், உடைத்துக் குவித்த கல்லில் வேண்டியமட்டும் தேடலாம். ஓடையிலும் காரை மேட்டிலும் பார்த்ததைப் படம் எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். எலும்பு, பல், முட்டை என்று சந்தேகம் வந்தால் தோண்டாதீர்கள், கழுவாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு வாரணவாசி அருங்காட்சியகத்துக்கோ பக்கத்துக் கல்லூரியின் புவியியல் துறைக்கோ சொல்லுங்கள். கல்லமேட்டு எலும்பு மாதிரி இன்னொன்று வந்தால், இந்தமுறை அது பொடியாகிவிடக் கூடாது.